முடிய வேண்டிய கடனும் முடியாத கடனும்

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தர வேண்டிய பொருள் என்பது ஒன்று. ஒருவர் செய்தே ஆக வேண்டிய கடமை என்பது மற்றொன்று. சங்கப் புலவர் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளவீரன் ஆகிய ஐவருக்கும் உரிய கடமைகளைப் புறநானூற்றில் வரிசைப்படுத்தும்போது இச்சொல்லையே ஆள்கிறார். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீர்க்கடன் என்று அன்றாட வழக்கிலும் அது கடமையையே குறிக்கிறது. கொடுக்கல் வாங்கலையும் கடமையையும் தமிழர் ஒரே சொல்லால் வழங்கியது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

வேதமும் இவ்வாறே கூறுகிறது. மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களுடன் பிறக்கிறான் என்பது தைத்திரீய ஸம்ஹிதையின் கருத்து. தேவர்களுக்குப் பட்ட கடன் வேள்வியாலும், ரிஷிகளுக்குப் பட்ட கடன் கல்வியாலும், முன்னோர்க்குப் பட்ட கடன் மக்கட்பேற்றாலும் தீர்கின்றன. சதபத பிராம்மணம் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறது. அது மனிதர்களுக்குப் பட்ட கடன், விருந்தோம்பலால் தீர்வது.

இந்தக் கடன்களுக்குத் தவணை கிடையாது. தீர்க்கத் தீர்க்க மனிதனை உயர்த்துபவை அவை. வாழ்நாள் முழுவதும் தொடர்வதே அவற்றின் இயல்பு. பணக்கடனின் இயல்பு வேறு. அது ஒரு தேவைக்காகப் பிறக்கிறது. ஒரு நாளில் முடிய வேண்டும். முடிய வேண்டிய கடன் முடியாமல் வாழ்நாள் முழுவதும் நீடித்தால், வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய கடன்களுக்கு இடமில்லாமல் போகிறது. பெற்றோரைப் பேணவும், பிள்ளையைப் படிக்க வைக்கவும், வந்தவருக்கு ஒரு வேளை உணவிடவும் உரிய பொருள் வட்டியாகச் சென்றுவிடுகிறது. ஆகவே கடனைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி 'எவ்வளவு?' என்பதன்று, 'எத்தனை காலம்?' என்பதே.

ஓர் அணாவின் கணக்கு

இக்கேள்விக்கு விடை தேடப் பொருத்தமான நகரம் மும்பை. பிழைப்பைத் தேடி வந்தவர்களால் உருவான நகரம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்களும், எழுத்தர் பணிகளுக்காக மாதுங்காவில் குடியேறிய தென்னிந்தியரும், பின்னர் செம்பூருக்குப் பரவிய குடும்பங்களும் இந்நகரின் தமிழர் வரலாற்றில் இடம் பெற்றவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த காலத்துப் பம்பாய், பஞ்சாலைகளின் நகரம். அங்கு உழைப்பாளியின் நிலை எவ்வாறு இருந்தது என்பதற்கு அரசுப் பதிவுகள் உண்டு.

1921-22-இல் பம்பாயின் தொழிலாளர் குடும்பங்களிடையே அரசின் தொழிலாளர் அலுவலகம் ஓர் ஆய்வு நடத்தியது. நூற்றுக்கு 47 குடும்பங்கள் கடனில் இருந்தன என்பது அதன் முடிவு. அடுத்து, ஜே. ஹெச். விட்லி தலைமையில் 1929-இல் அமைக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் 1931-இல் அறிக்கை அளித்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறையாமல் கடனில் இருக்கின்றனர். அவர்களில் மிகப் பலரின் கடன் மூன்று மாதச் சம்பளத்தைவிட அதிகம். உழைக்கும் காலத்தின் பெரும்பகுதியை அவர்கள் கடனிலேயே கழிக்கின்றனர் என்று அவ்வறிக்கை கூறியது. மளிகைக் கடைக்காரர், வட்டிக்காரர், ஆலையில் ஆள் சேர்க்கும் ஜாபர் ஆகியோரே அன்று கடன் கொடுத்தவர்கள். ரூபாய்க்கு மாதம் ஓர் அணா என்பது பரவலாக வழங்கிய வட்டி.

ஓர் அணா என்பது கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ரூபாய்க்கு 16 அணா என்பதால், அது ஆண்டுக்கு 75 சதவீத வட்டியாகும். மூன்று மாதச் சம்பள அளவுக்குக் கடன் பட்டவர், ஒவ்வொரு மாதமும் தம் சம்பளத்தின் ஒவ்வொரு ரூபாயிலும் 3 அணாவை வட்டிக்கே கொடுக்க வேண்டும். அந்த 3 அணாவை அவர் தவறாமல் கொடுத்து வந்தாலும் அசல் ஒரு காசும் குறையாது. பத்து ஆண்டுகள் கழித்தும் முதல் நாள் பட்ட கடன் அப்படியே நிற்கும்.

அதே மனிதர் 3 அணாவுக்குப் பதிலாக மூன்றரை அணா கொடுத்தால் கடன் 33 மாதங்களில் தீரும். 4 அணா கொடுத்தால் 23 மாதங்களிலேயே தீர்ந்துவிடும். வாழ்நாள் அடிமைத்தனத்துக்கும் இரண்டு ஆண்டு உழைப்புக்கும் நடுவே இருப்பது ரூபாயில் ஓர் அணா. கடனின் நீளத்தைத் தீர்மானிப்பது வட்டிக்கு மேல் வைக்கப்படும் அந்தச் சிறு பகுதியே. இது எல்லாக் காலத்துக்கும் எல்லாக் கடனுக்கும் பொருந்தும் உண்மை.

ஆயினும் அந்த ஓர் அணாவை ஒதுக்க முடியாத குடும்பங்களும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அரை வயிற்றுக்கு உண்பவரிடம் சிக்கனத்தைப் போதிப்பது அறமாகாது. அத்தகையோர் திறத்தில் கடன் கொடுப்பவரின் கடமை என்ன, சமூகத்தின் கடமை என்ன என்ற கேள்விகள் எழுகின்றன.

கொடுப்பவருக்கு விதித்த எல்லை

கடன் பட்டவரின் கடமையைப் பேசிய தரும சாஸ்திரங்கள் கடன் கொடுத்தவரின் கடமையையும் பேசின. வசிஷ்டர் வகுத்த வட்டி என்று மனு ஸ்மிருதி கூறுவது, மாதந்தோறும் அசலில் எண்பதில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று இதைக் கணக்கிடலாம். அதைவிட முக்கியமான விதி ஒன்றும் அங்கே உண்டு. ஒரே நேரத்தில் பெறும் வட்டி அசலுக்கு மேற்படக் கூடாது. அசலும் வட்டியும் சேர்ந்து இரு மடங்கைத் தாண்டக் கூடாது. அதே நூல் வருணத்துக்கு ஏற்ப வெவ்வேறு வட்டி விகிதங்களையும் கூறுகிறது. அந்தப் பாகுபாடு இன்று ஏற்கத்தக்கதன்று. வட்டிக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற கொள்கையோ காலத்தைக் கடந்து நிற்பது.

இந்தக் கொள்கைக்கு 'தாம்துபட்' என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் பம்பாய் மாகாண நீதிமன்றங்கள் இந்துக்களின் கடன் வழக்குகளில் இதைப் பின்பற்றின. அசலுக்கு மேற்பட்ட வட்டிக்கு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கலாகாது என்ற விதி 1946-ஆம் ஆண்டின் பம்பாய் லேவாதேவிச் சட்டத்திலும் இடம் பெற்றது. அச்சட்டத்தின் இடத்தில் மகாராஷ்டிர மாநிலம் 2014-இல் புதிய லேவாதேவி ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் வட்டிக்குப் பணம் கொடுப்பது அச்சட்டப்படி குற்றமாகும். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

சாஸ்திரம் வகுத்த வட்டியில் அசல் இரட்டிப்பாக 80 மாதங்கள் ஆகும். ரூபாய்க்கு ஓர் அணா வட்டியில் 16 மாதங்களும், 'பத்து வட்டி' என்று தெருக்களில் சொல்லப்படும் நூற்றுக்குப் பத்து மாத வட்டியில் 10 மாதங்களும் போதும். முன்னோர் வகுத்த வட்டி, கடன் பட்டவருக்கு மூச்சு விடவும் உழைத்து மீளவும் காலம் கொடுத்தது. தாம்துபட் விதி, அந்தக் காலத்துக்குள் மீளாதவர் மீதும் சுமை முடிவின்றி வளராமல் தடுத்தது.

தந்தையின் கடனைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாதபோதும் தந்தையின் கடனை மகன் தன் கடனாக ஏற்றுக்கொள்வது வழக்கமாக இருப்பதை 1931-ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது. இது பித்ரு ருணத்தின் உணர்விலிருந்து பிறந்த பெருந்தன்மை. ஆனால் தந்தை சூதாலும் மதுவாலும் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டியதில்லை என்று மனு ஸ்மிருதியே விலக்கு அளிக்கிறது. முன்னோர்க்குச் செய்யும் கடன் என்பது அவர்களின் பிழைகளையெல்லாம் சுமந்து அழிவதன்று என்பது இதனால் விளங்கும்.

கூடி மீண்டவர்கள்

பம்பாயின் ஆலைப் பகுதிகளில், ஊரில் குடும்பத்தை விட்டு வந்த தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டு வாழ்ந்த பெண்கள் பலர் இருந்தனர். மாதச் சம்பளம் வந்த பிறகே தொழிலாளர் பணம் கொடுப்பர்; அதுவரை மளிகையைக் கடனாகவே வாங்க வேண்டும். அப்பெண்களின் உழைப்பின் பயன் கடைக்காரருக்கும் வட்டிக்காரருக்கும் சென்றது. தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டிருந்த பிரேமா புரவ் அவர்களை ஒன்றுசேர்த்து 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். அடகு வைக்க நகையோ நிலமோ இல்லாத அப்பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தேசியமயமான வங்கிகளிடம் குறைந்த வட்டியில் கடன் பெற்றனர். சமையலும் மளிகையும் உழைப்பும் முன்பு இருந்தவையே. மாறியது வட்டி. அதனால் 'ஓர் அணா' அவர்களின் கையில் தங்கியது.

மற்றொரு சான்று நடைபாதைவாசிகளிடமிருந்து கிடைக்கிறது. 1986-இல் பைகுல்லா நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் 'மகிளா மிலன்' என்ற கூட்டமைப்பை உருவாக்கினர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் 'ஸ்பார்க்' நிறுவனமும் அதனுடன் இணைந்து பணியாற்றின. குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். செம்பூரை அடுத்த ஜனதா காலனியில் வாழ்ந்து, 1976-இல் அது இடிக்கப்பட்டதைக் கண்டவர். 2000-இல் மகசாசே விருது பெற்று, 2018-இல் மறைந்தார். மகிளா மிலன் பெண்களின் முறை எளிமையானது. தினந்தோறும் ஒருத்தி வீடு வீடாகச் சென்று சேமிப்பைப் பெறுவாள். ஒரு ரூபாயானாலும் சரி, இரண்டு ரூபாயானாலும் சரி. இல்லாதவர் அன்று கொடுக்க வேண்டியதில்லை. நோய், பள்ளிக் கட்டணம் போன்ற அவசரத் தேவைக்கு அந்தச் சேமிப்பிலிருந்தே கடன் கிடைக்கும். தினமும் ஒருவர் வாசலில் வந்து நிற்பதால் பணம் மட்டும் சேரவில்லை; யார் வீட்டில் என்ன துன்பம் என்ற செய்தியும் அன்றன்றே தெரிந்தது.

தமிழர் அறிந்த சீட்டும், மராத்தியர் 'பிசி' என்று அழைக்கும் சுழற்சிச் சேமிப்பும் இதே கருத்தின் வேறு வடிவங்கள். நேர்மையானவர் கையில் இருக்கும்வரை அவை நன்மை செய்யும். பதிவு பெறாத சீட்டில் ஒருவர் தவறினாலும் அனைவரும் நட்டப்படுவர் என்பதையும் மறத்தல் கூடாது.

இன்றைய கடன்

2019-ஆம் ஆண்டின் அகில இந்தியக் கடன் மற்றும் முதலீட்டு ஆய்வின்படி, நகரக் குடும்பங்களில் 22.4 சதவீதமும் கிராமக் குடும்பங்களில் 35 சதவீதமும் கடனில் இருந்தன. நகரக் கடன் தொகையில் 87 சதவீதம் வங்கி முதலிய நிறுவனங்களிடம் பெற்றது. வட்டிக்காரர் கதவைத் தட்டிய காலம் பெரும்பாலும் மாறி, கடன் கைப்பேசியில் வந்து நிற்கும் காலம் வந்துவிட்டது. ஓர் அணாவின் கணக்கோ மாறவில்லை.

கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளலாம். வட்டி மாதம் மூன்றரை சதவீதம். அவர் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. அறிக்கையில் காட்டப்படும் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்றால், முதல் மாதம் அது ஏறக்குறைய 2,590 ரூபாய். பாக்கி குறையக் குறைய அத்தொகையும் குறையும். அதை மட்டுமே அவர் கட்டி வருகிறார். பாக்கி பாதியாகக் குறைய 41 மாதங்களும், பத்தில் ஒரு பங்காகக் குறைய 11 ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். வட்டியின் மீதான வரி இக்கணக்கில் சேரவில்லை.

அவரே மாதந்தோறும் மாறாமல் 2,500 ரூபாய் கட்டினால் முழுக் கடனும் 35 மாதங்களில் தீர்ந்துவிடும். முதல் மாதச் சுமை இருவழியிலும் ஏறக்குறைய ஒன்றே. முதல் வழியில் கடன் இளைக்கும்போது முயற்சியும் இளைக்கிறது. இரண்டாம் வழியில் முயற்சி இளைப்பதில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீளும் என்ற எச்சரிக்கை அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும் என ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளில் விதித்திருப்பது இதனால்தான்.

வீட்டுக் கடனிலும் இதே நிலை. 20 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றவரின் மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். அவர் பாதி அசலைத் தீர்க்கும்போது 14 ஆண்டுகள் கடந்திருக்கும்; அது ஒரு வனவாசத்தின் அளவு. தவணையுடன் பத்தில் ஒரு பங்கை, அதாவது 1,800 ரூபாயை, முதல் மாதத்திலிருந்தே சேர்த்துக் கட்டினால் 50 மாதங்கள் குறைகின்றன. மனித வாழ்வில் நான்கு ஆண்டுகள் சிறிய காலமன்று.

சாதகனுக்குரிய ஒழுக்கம்

ஒரு நாள் மிகுந்த வேகத்துடன் தொடங்கி மறுநாள் தளர்வதால் ஜபமும் தியானமும் பலிப்பதில்லை. சிறிதானாலும் தவறாமல் செய்வதாலேயே பலிக்கின்றன. கடன் தீர்ப்பதும் அத்தகைய ஒரு விரதமே. அதற்கு உதவும் நியமங்கள் சிலவற்றைக் கூறலாம்.

முதலாவது, கடன் வாங்கும் முன்பே அது முடியும் மாதத்தையும் ஆண்டையும் எழுதிவைத்தல். முடியும் நாளைச் சொல்ல முடியாத கடன் வாங்கத்தக்கதன்று. தனிநபர் கடன்களின் முழு விவரத்தையும் எளிய ஒரு பத்திரத்தில் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அதைக் கேட்டுப் படித்தபின் கையெழுத்திடுவதே முறை.

இரண்டாவது, வட்டிக்கு மேல் ஒரு பகுதியை நிச்சயித்து, கடன் குறைந்தாலும் அதைக் குறைக்காமலிருத்தல். பல கடன்கள் இருப்பின் வட்டி மிகுந்ததை முதலில் தீர்ப்பது நன்று.

மூன்றாவது, வருவாய் உயரும்போது செலவின் வாயிலை அகலமாக்காமை. வரும் வழி சிறிதானாலும், போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தைத் திருவள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்தார். தன் வருவாயை அறிவது தன் வலிமையை அறிவதன் ஒரு பகுதி என்பது அவர் உள்ளம் போலும்.

நான்காவது, மறைக்காமை. மனைவிக்குத் தெரியாமல் கணவனும், கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் பட்ட கடன்களே மிகுதியாக நீளுகின்றன. ஒன்றை மறைக்க மற்றொன்று தேவைப்படுகிறது. வீட்டார் அனைவரும் அறிந்த கடனுக்கு அனைவரும் சேர்ந்து ஓர் அணாவை ஒதுக்குவர்.

ஐந்தாவது மிகவும் முக்கியமானது. கடன் என்பது உழைப்பின் மீதும் உடைமையின் மீதும் ஏற்பட்ட சுமை. மனிதனின் உள்ளுறையும் ஆன்மாவை எவரும் அடகு வைக்கவும் முடியாது, ஏலம் விடவும் முடியாது. 'மானம் போயிற்று' என்று மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர், தம்மையும் தம் கடனையும் ஒன்றாக எண்ணும் அவிவேகத்தில் இருக்கிறார். உயிர் இருந்தால் கடன் 23 மாதங்களில் தீரலாம், 33 மாதங்களில் தீரலாம், இன்னும் நீண்டும் தீரலாம். அந்நிலையில் இருப்பவரைக் காணும் உறவினரும் நண்பரும் அவரைக் குற்றம் சாட்டாமல், அருகில் அமர்ந்து கணக்கை எழுத உதவ வேண்டும். வங்கியிடம் தவணையை மாற்றியமைக்கக் கேட்பதும், சட்டத்தை மீறி வட்டி வாங்குபவர் மீது புகார் அளிப்பதும் இழிவல்ல.

கடைசித் தவணை கட்டிய மறு மாதம் வீட்டில் அதே தொகை மிச்சமாக நிற்கும். பல ஆண்டுகள் அதில்லாமல் வாழப் பழகிய குடும்பத்துக்கு அது ஒரு புதிய செல்வம். அதில் ஒரு பகுதியைச் சேமித்து, ஒரு பகுதியை வயதான பெற்றோரின் மருந்துக்கும், கட்டணம் கட்ட இயலாத ஒரு மாணவனின் படிப்புக்கும், விருந்தாக வரும் ஒருவரின் இலைக்கும் ஒதுக்கலாம். ரிஷிகளுக்கும் முன்னோர்க்கும் மனிதர்க்கும் செலுத்த வேண்டிய பழைய பாக்கியின் முதல் தவணை அது.